முத்திரை இல்லாத ரிசீவர்

என்ன உத்தியோகம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் லைன் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் பார்த்தது, அடுத்தவர் வீட்டுச் சுவரைத் தடவி ஒட்டுவேலை கண்டுபிடிக்கிற வேலை. அந்தக் காலத்தில் சேலத்திலும் சுற்றுப்பட்டிலும் டெலிபோன் வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களில் ஒருவராவது இலாகா கொடுத்த பெட்டியை இலாகா கொடுத்த மாதிரியே வைத்திருந்தார் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒரு டாக்டர், கீழே பெல் அடித்தால் மாடியில் கேட்கவில்லை என்று, பள்ளிக்கூடத்து மின்சார மணி ஒன்றை வாங்கி நடுவில் மாட்டியிருந்தார். ஒரு வக்கீல் வீட்டில் ரேடியோப் பெட்டியின் ஒலிபெருக்கியை லைனில் கோத்து, பேசுவதைக் குடும்பம் மொத்தமும் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. நான் உள்ளே போனபோது கட்சிக்காரர் ஒருவர் தன் குடும்பச் சண்டையை விளக்கிக்கொண்டிருந்தார். வக்கீலின் மாமியார் எனக்கு வாய்மேல் விரல் வைத்துக் காட்டினார்.

விதி ரொம்பச் சின்னது. இலாகா முத்திரை குத்தாத எந்தக் கருவியும் எங்கள் கம்பியைத் தொடக்கூடாது. தொட்டிருந்தால் கருவியைப் பறிமுதல் செய்ய வேண்டும், அறிக்கை எழுத வேண்டும், மேலிடம் இணைப்பைத் துண்டித்துவிடும். யுத்தம் வந்த பிறகு இந்த விதிக்குக் கொம்பு முளைத்துவிட்டது. எவன் எங்கே ஒட்டுக்கேட்கிறானோ என்று மேலே இருந்தவர்களுக்குத் தூக்கம் போயிற்று. எனக்கு அதில் சந்தோஷம்தான். விதி என்றால் எனக்கு உயிர். அப்போது முப்பது வயது, கல்யாணமாகி நாலு வருஷம், வீட்டில் என் பேச்சு எடுபடாது. கம்பி விஷயத்தில் மட்டும் பெரிய மிராசுதாரரும் எனக்கு முன்னால் எழுந்து நின்றார்.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எந்தச் சத்தத்துக்கும் பின்னால் ஒரு கம்பி இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் மறுமுனையில் திருட்டு முழி முழித்துக்கொண்டு ஒரு ஆள் நிற்பான், அவ்வளவுதான் என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் நான் இன்னும் இருக்கிறேனா என்று கேட்டால் பதில் சொல்லக் கொஞ்சம் தயங்குவேன். காரணம் ஆட்டையாம்பட்டி லைன்.

ரங்கூனில் குண்டு விழுந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. மாசி மாதக் கடைசி. எக்ஸ்சேஞ்சில் எங்கள் பகல் நேர ஆபரேட்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வாழப்பாடிக்காரர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், அனாவசியமாகப் பேச மாட்டார்.

"சார், ஆட்டையாம்பட்டி லைன்ல ஒரு பொம்பள பேசுது."

"டெலிபோன்னா பேசத்தான் செய்வாங்க."

"தகடு விழல சார்."

எங்கள் போர்டில் டெலிபோனுக்கு ஒன்று வீதம் பித்தளைத் தகடுகள் இருக்கும். அந்தப் பக்கம் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினால் இந்தப் பக்கம் தகடு விழும். விழுந்தால் ஆபரேட்டர் பிளக்கைச் செருகி என்ன வேண்டும் என்று கேட்பார். தகடு விழவில்லை என்றால் அங்கே யாரும் கூப்பிடவில்லை என்று அர்த்தம். இவர் லைனைச் சோதிக்கலாம் என்று பிளக்கைச் செருகியிருக்கிறார். உள்ளே ஒரு பெண் குரல்.

"கெணத்துக்குள்ள நின்னுகிட்டுப் பேசற மாதிரி சார். யாரையோ கூப்புடுது. பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்குது. மறுபடி கூப்புடுது. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, பதினஞ்சு நாளா இருக்குது. எங்களுக்கு அந்தப் பக்கம் கையே போகல. குரல் வந்தா பிளக்கை உருவிடறோம்."

போர்டைப் பார்த்தேன். ஆட்டையாம்பட்டித் துளைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பங்கொத்து செருகியிருந்தது. பிளக்கின் நுனியில் மஞ்சள். இதில் இலாகா முத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொத்தைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு, பேயைப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தேன்.

ஆட்டையாம்பட்டி பத்துப் பன்னிரண்டு மைல். ஊருக்கே ஒரு டெலிபோன்தான், ஒரு நூல் வியாபாரி வீட்டில். அந்த ஒரு வீட்டுக்காக எங்கள் கம்பி அவ்வளவு தூரம் தனியாகப் போனது. கம்பத்தைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். கிளை உரசுகிறதா, பட்டம் சிக்கியிருக்கிறதா, பீங்கான் உடைந்திருக்கிறதா, ஒன்றும் இல்லை. சோளத்தட்டு அறுத்த காடுகள் இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தன. கஞ்சமலை வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. கடைசி மூன்று மைலில் எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. காற்று துளியும் இல்லாதபோதும் கம்பங்கள் முனகும். வெயிலில் கம்பி நீள்கிற சத்தம் அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு ஏனோ அது பிடிக்கவில்லை.

ஊருக்கு அரை மைல் முன்னால் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கம்பத்தில் ஏறினேன். என்னிடம் ஒரு கைச்சோதனைப் பெட்டி உண்டு. அதன் இரண்டு கவ்விகளைக் கம்பியில் மாட்டினால் கம்பத்து மேலேயே காதில் வைத்துக் கேட்கலாம், பேசலாம். மாட்டினேன். முதலில் வழக்கமான இரைச்சல். அப்புறம், அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல்.

"சாமீ... இருக்கறயா சாமி?"

உச்சி வெயில். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆள் இல்லை, ஆடு மாடு இல்லை. குரல் அத்தனை சன்னம். பக்கத்தில் ஒரு காக்கை கத்தியிருந்தால்கூடக் கேட்டிருக்காது.

"நான் இங்கதான் இருக்கறேன் சாமி. எங்கயும் போகலை. நீ பேசு."

அழுகை கிடையாது, பயமுறுத்தல் கிடையாது. தூங்கும் குழந்தையை எழுப்புகிற தணிந்த குரல். அதுதான் என் முதுகில் வேர்வையைக் குளிர வைத்தது. தைரியசாலி என்று பெயர் வாங்கிவிட்டேன், என்ன செய்வது? தொண்டையைச் செருமிக்கொண்டு, "அலோ, யாரு?" என்றேன்.

இரைச்சல்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. பிறகு அந்தக் குரல், இன்னும் பக்கத்தில் வந்து, "சாமி, நீயா?" என்று கேட்டது.

கவ்விகளைப் பிடுங்கிவிட்டேன். எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. தரைக்கு வந்து பார்த்தபோது முழங்கையில் தோல் உரிந்திருந்தது. எக்ஸ்சேஞ்சில் அந்த மனிதரைக் கேலி பண்ணிவிட்டு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

நூல் வியாபாரிக்கு ஐம்பது வயது இருக்கும். வாசலுக்கே வந்து கும்பிட்டார். "வாங்க சாமி, ஏனுங்க இந்த வெயில்ல?" என்று உட்கார வைத்து மோர் கொடுக்கச் சொன்னார். கொண்டுவந்து வைத்தவர் ஒரு தறிக்காரர். வீட்டில் பெண்கள் இருக்கிற சத்தமே இல்லை. முன்கட்டில் சுவரில் எங்கள் பெட்டி, துடைத்து, பொட்டு வைத்து, ஒரு செம்பருத்தி சாத்தியிருந்தது. அதை அடுத்த நடுக்கட்டில் ஒரு தறி, நீளவாக்கில் போகிற பாவு நூல் ஏற்றியபடி ஓடாமல் நின்றது. நூல் வருகிறதில்லையா என்று கேட்டேன்.

"நூலு எங்கீங்க வருது இப்ப. அந்தப் பாவு எம்பட மவனுக்கு ஏத்துனது. ரங்கூனுக்குக் கைலி. அவன் அங்கதான் கடை வெச்சிருந்தான். குண்டு உளுந்த பொறகு ஒரே ஒரு கடுதாசி. நடந்தே வாரோம், கல்கத்தா வந்து சேந்ததும் டெலிபோன்ல கூப்புடறேன்னு எளுதியிருந்தான். ஒரே பையனுங்க." பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "அந்த ஒரு கூப்பாட்டுக்குத்தான் இதைச் சாமி மாதிரி வெச்சுட்டு உக்காந்திருக்கறோம். ரூல்ஸு கீல்ஸுன்னு இதைக் கழட்டிப்போடாதீங்க. கழட்டுனா அவனுக்கு எங்களைப் பிடிக்க வேற வழியே இல்லீங்க."

நான் கேட்காமலே அவர் ஏன் அதைச் சொன்னார் என்று யோசித்தபோதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. பயம் போய்ப் பழைய மூக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. பெட்டியைத் திறந்தேன். முத்திரை எல்லாம் சரி, பாட்டரி சரி. பெட்டிக்குக் கீழே சுவரோரம் மட்டும் சுண்ணாம்பு புதிது. விரலால் தட்டினேன், உதிர்ந்தது. உள்ளே ஒரு கம்பி.

அப்படி ஒரு கம்பியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஏதோ பழைய மோட்டாரிலிருந்து எடுத்த செம்புக் கம்பி. அதன் மேல் ராட்டையில் வைத்துப் சிவப்புப் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி, பாவுக்குப் போடுகிற கஞ்சியைப் போட்டுக் காயவைத்திருந்தார்கள். இலாகா கொடுக்கிற கம்பிகூட அத்தனை நேர்த்தியாக இருக்காது. இரண்டு இழையாக அது சுவரைத் தாண்டி நடுக்கட்டுக்குப் போனது. அங்கே மாயமாகிவிட்டது.

தரையைப் பார்த்தேன், உத்தரத்தைப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வியாபாரி பின்னாலேயே வந்தார். அப்போதுதான் பின்வாசல் வழியாக முதல் காற்று வந்தது. தறியில் கட்டியிருந்த பாவு முழுக்க லேசாக அசைந்தது. நூற்றுக்கணக்கான இழைகள். ஓரத்தில், கரைச் சிவப்போடு சிவப்பாக, இரண்டு இழை மட்டும் அசையவில்லை.

தறியைச் சுற்றிக்கொண்டு அந்த இரண்டு இழைகளின் பின்னாலேயே போனேன். அவை பாவின் கடைசியில் பிரிந்து, ஒரு கதவின் இடுக்கில் நுழைந்தன. கதவைத் தள்ளினேன். வியாபாரி தடுக்கவில்லை.

ஜன்னல் சாத்திய சின்ன அறை. ஒரு பெண்மணி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வியாபாரியின் சம்சாரம். தலையைச் சுற்றி ஒரு கைலித் துணியைக் கட்டி, அதற்குள் ஒரு பழைய ரிசீவரை, காதில் வைக்கிற உருளையை மட்டும், இடது காதோடு அழுத்தி வைத்திருந்தார். பழைய சாமான் கடையில் வாங்கியதாம். துணி பட்ட இடத்தில் கன்னம் வெளுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் பேசாதே என்று கையைத் தூக்கினார். நானும் நின்றேன். கொஞ்ச நேரம் மூன்று பேரும் அந்த இருட்டில் ஒன்றும் இல்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"சோறு தண்ணி இல்லாம அந்தப் பொட்டிக்குக் கீளயே கெடந்தாளுங்க," என்றார் வியாபாரி. "முன்கட்டுல நாலு பேரு வந்து போற எடம். அதான் சத்தத்தை மட்டும் இங்க கொண்டாந்து குடுத்தோம். பதினஞ்சு நாளா இதைக் காதுல இருந்து எடுக்கலை. நாங்க வெளியூருக்குப் பேசறப்ப தறிகிட்ட கம்பி முடிச்சை அவுத்துட்டுப் பேசுவோம். பொறகு போட்டுருவோம்."

எனக்குக் கோபம் வந்தது. பயந்துபோன வெட்கம்தான் அப்படிக் கோபமாக வந்தது என்று இப்போது தெரிகிறது. படபடவென்று விளக்கினேன். வாய்க்காலில் மடை உடைத்த மாதிரி, நாங்கள் எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்புகிற மணிக் கரண்டை இந்த ரிசீவர் தன் பக்கம் இழுத்துக் குடித்துவிடும், பெட்டியில் பெல் அடிக்கவே அடிக்காது என்றேன். "பதினஞ்சு நாளா உங்களுக்கு யாராச்சும் கூப்பிட்டாங்களா? பெல் அடிச்சுதா?" வியாபாரி இல்லை என்று தலையசைத்தார். தொழில் இல்லாததால் யாரும் கூப்பிடவில்லை என்று நினைத்திருந்தாராம். இந்த மாதிரி ரிசீவருக்குக் காதும் அதுதான், வாயும் அதுதான், இந்தம்மா அதில் பேசப் பேச அது மெல்லிசாக லைனில் ஏறி எக்ஸ்சேஞ்சில் எல்லாரையும் கிலி பிடிக்க வைத்திருக்கிறது என்றும் சொன்னேன். பேயைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு.

அந்த அம்மா துணியை அவிழ்க்காமலே பேசினார். "அவன் பேசுனானுங்க."

"யாரும்மா?"

"எம் பையன். முந்தாநாளு, நேத்து, ரெண்டு நாளும். அலோ அலோன்னான். நான் பேசுனேன். அம்மாங்கறதுக்குள்ள அத்துப்போச்சு. இன்னிக்கும் ஒரு சத்தம், யாருன்னு கேட்டுச்சு."

"இன்னிக்கு நாந்தானுங்க. ஊருக்கு வெளிய கம்பத்து மேல இருந்து பேசுனேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இல்லை. "அதானே பாத்தேன். இன்னிக்கு வண்டு கத்தலை. அதனாலதான் நீயான்னு கேட்டேன். அந்த ரெண்டு நாளும் மொதல்ல வண்டு கத்துச்சு, காது கிளியற மாதிரி. அப்பறந்தான் அவன் பேசுனான்."

வியாபாரி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே, விடுங்க, என்றார். நானும் விட்டுவிட்டேன். இன்றைக்கு என் குரலை மகன் குரல் என்று நினைத்தவர் மற்ற நாள் எதை என்ன நினைத்தாரோ என்று எனக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்து இரண்டு இழைகளையும் இரண்டு முனையிலும் வெட்டினேன். பாவுக்குள் ஓடியதை உருவினால் பாவு கெட்டுவிடும் என்று வியாபாரி கேட்டுக்கொண்டதால் அதை அப்படியே விட்டேன். ரிசீவரை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அந்த அம்மா தானே அவிழ்த்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

"அவன் கூப்புட்டா?"

"பெல் அடிக்குமுங்க. நல்லா அடிக்கும். ஊடு பூராக் கேக்கும்."

எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, திருப்பி அடிக்கச் சொன்னேன். பெல் கணீரென்று அடித்தது. தறிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெரிய உபகாரம் செய்துவிட்டவன் மாதிரி, அறிக்கை எழுதாமல் இருக்க முடியாது, பார்க்கலாம் என்று வியாபாரியிடம் இழுத்துப் பேசிவிட்டுக் கிளம்பினேன். ரிசீவர் என் பையில் கிடந்தது. காதுச் சூடு இன்னும் அதில் இருந்தது.

திரும்புகாலில் நாலு மைல் வந்திருப்பேன். கம்பங்கள் முனகிக்கொண்டே கூட வந்தன. வண்டு, வண்டு என்று அந்த வார்த்தை மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறையில் வண்டு ஏது, ஜன்னல்கூடத் திறக்காத அறை என்று யோசித்தேன். அப்புறம் சைக்கிளை நிறுத்திவிட்டு நடுரோட்டில் நின்றேன்.

பெல் அடிக்காதபடி மணிக் கரண்டை அந்த ரிசீவர் குடித்துவிடும் என்று நான்தான் சொன்னேன். குடித்தால் அது சும்மா இருக்குமா? காதுக்குள் கர்ரென்று கத்தும், வண்டு கத்துகிற மாதிரி. கம்பத்தில் நான் மணி அடிக்கவில்லை, கவ்வியை மாட்டி வாயால் பேசினேன், அதனால் இன்றைக்கு வண்டு கத்தவில்லை. அந்த இரண்டு நாளும் கத்தியது என்றால், அந்த இரண்டு நாளும் எக்ஸ்சேஞ்சிலிருந்து யாரோ அந்த வீட்டுக்கு மணி அடித்திருக்கிறார்கள். மணி அடித்தால் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். என் பாடத்தை அந்தம்மா எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மிதித்த மாதிரி வாழ்நாளில் மிதித்ததில்லை. வாழப்பாடிக்காரர் என்னைப் பார்த்ததும், "புடிச்சிட்டீங்களா சார்?" என்றார். ரிசீவரை மேஜையில் வைத்தேன். "டிரங்க் கால் சீட்டெல்லாம் எடுங்க. நேத்து, முந்தாநாள்," என்றேன்.

இருந்தது. இரண்டு சீட்டு. கல்கத்தா, பொது டெலிபோன், ஆட்டையாம்பட்டி. இரண்டிலும் அவர் கையெழுத்தில், பதில் இல்லை.

அவர் சொல்லச் சொல்ல நான் நின்றுகொண்டே கேட்டேன். இரண்டு நாளும் பகல் நேரம். கல்கத்தாவிலிருந்து மெட்ராஸ் வழியாகக் கூப்பாடு. இரண்டு பிளக்கையும் சேர்த்து ஆட்டையாம்பட்டிக்கு மணி அடித்தார். யாரும் எடுக்கவில்லை. அந்தப் பக்கத்து ஆள் அலோ அலோ என்றார், இருமினார். உடனே இந்தப் பக்கம் அந்தக் குரல் ஆரம்பித்தது. இவர் பிளக்கை உருவிவிட்டார். "பாவம், ரொம்ப நேரம் காத்திருந்து கூப்புட்ட ஆளு, அவரு காதுல அது விளுந்துரக் கூடாதுன்னு உருவிட்டேன் சார்," என்றார். சொல்லிவிட்டு ரிசீவரைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கம்பத்து மேல் அந்தக் குரல் கேட்டபோது நான் செய்ததும் அதேதான்.

கல்கத்தாவைக் கேட்டோம். பொது டெலிபோனில் வந்தவருக்கு விலாசம் கிடையாது, பர்மாவிலிருந்து நடந்து வருகிறவர்கள் தினமும் வரிசையில் நிற்கிறார்கள் என்று பதில் வந்தது. அவனே மூன்றாம் முறை கூப்பிட்டால்தான் உண்டு. அறிக்கையை மேலே அனுப்பினால் இணைப்பு போய்விடும், மூன்றாம் கூப்பாடு வந்து முட்டிவிட்டுத் திரும்பும். அதனால் எழுதிய அறிக்கையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். என்ன கோளாறு என்று மேலதிகாரி கேட்டபோது, புளியங்கிளை உரசியது, வெட்டிவிட்டேன் என்றேன். என் சர்வீசில் நான் சொன்ன முதல் பொய்.

மறுநாளே ஆட்டையாம்பட்டிக்குப் போய், அம்மா, நீங்கள் கேட்டது உங்கள் பையன் குரல்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. அவன் கூப்பிடத்தான் போகிறான், பெல் அடிக்கத்தான் போகிறது, எல்லாம் சரியாகிவிடும், நாம் ஏன் போய்க் குட்டுப்பட வேண்டும் என்று நினைத்தேன். கோழைத்தனம் என்பதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக, தினமும் பகலில் போர்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வாழப்பாடிக்காரர் சாப்பிடக்கூட எழுந்து போவதில்லை. ஒரு நாள் அந்தத் துளைக்குப் பக்கத்தில் புது வேப்பங்கொத்து இருந்தது. நான் பிடுங்கவில்லை.

ஐந்தாம் நாள், ஏறக்குறைய அதே நேரம், கல்கத்தா வந்தது. அவர் செருகிய பிளக் இரண்டு தடவை தவறியது. மணி அடித்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். அவர் காதுக்கருவியைத் தாண்டி வியாபாரியின் குரல், "சாமி, சொல்லு சாமி" என்றது. ஒட்டுக்கேட்கக் கூடாது என்பதும் விதிதான். வாழப்பாடிக்காரர் கேட்டார், நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் காதிலிருந்து கருவியை எடுத்து மடியில் வைத்தார்.

பேசியது மகன் இல்லை. அவனோடு ரங்கூனிலிருந்து நடந்து வந்த ஒரு தமிழ் ஆள். காய்ச்சல், வழியிலேயே பிடித்தது, ஆஸ்பத்திரியில் முந்தாநாள் முடிந்துவிட்டது. அந்த ஆள் இன்னொன்றும் சொன்னாராம். இரண்டு தடவை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை என்று அவனிடம் இந்த ஆள் வருத்தப்பட்டாராம். அதற்கு அவன், "எடுக்கலை. ஆனா அம்மா பேசுச்சு. சாமீ, நான் இங்கதான் இருக்கறேன், எங்கயும் போகலைன்னு சொல்லுச்சு" என்றானாம். கடைசி வரை அதையே பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

இந்த இடத்தில்தான் என் கட்சி ஆட்டம் கண்டது. வாய்ப்பெட்டி இல்லாமல், பாட்டரி இல்லாமல், காதில் வைக்கிற உருளைக்குள் பேசிய பேச்சு ஆட்டையாம்பட்டியிலிருந்து எங்கள் எக்ஸ்சேஞ்ச் வருவதற்குள்ளேயே பாதி செத்திருக்கும். அது மெட்ராஸைத் தாண்டி, ஆயிரம் மைல் கம்பியைத் தாண்டி, காய்ச்சல்காரன் ஒருவன் காதில் வார்த்தை வார்த்தையாக விழ வழியே இல்லை. எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். எங்கள் இன்ஜினியர் ஒருவரிடம் வேறு ஏதோ உதாரணம் மாதிரிக் கேட்டும் பார்த்தேன். முடியாது என்றார். அவன் சொன்ன வார்த்தைகளோ, கம்பத்து மேல் நானே என் காதால் கேட்ட வார்த்தைகள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, டெலிபோன் இனி வேண்டாம், எடுத்துக்கொள்ளவும் என்று வியாபாரியிடமிருந்து கடிதம் வந்தது. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். நானே போனேன். பெட்டியில் பொட்டு இல்லை, பூ இல்லை. நடுக்கட்டில் அந்தப் பாவு அப்படியே தறியில் இருந்தது. காற்றுக்கு எல்லா இழையும் ஆடின, இரண்டு ஆடவில்லை.

வியாபாரி பத்து வயது கூடியிருந்தார். "வாங்க" என்று மட்டும் சொன்னார். சொல்ல வேண்டியதைத் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அந்த இரண்டு நாள் சமாசாரம் முழுதும், பிளக்கை உருவியது, வண்டு, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். "அவ அன்னிக்கே சொன்னாளுங்க. நாந்தான் நம்புலை," என்றார். அந்த அறைக் கதவு சாத்தியிருந்தது.

பெட்டியைக் கழற்றும் முன், லைனும் பெல்லும் கடைசிவரை ஒழுங்காக இருந்தன என்று ஒரு சோதனை செய்து பாரத்தில் எழுத வேண்டும். அது விதி. எழுதாமல் விட்டிருக்கலாம். கை பழக்கத்தில் கைப்பிடியைச் சுற்றி, திருப்பி அடிக்கச் சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அதற்குள் பெல் அடித்துவிட்டது.

கணீரென்று, வீடு முழுக்க. கதவு திறந்தது. அந்த அம்மா வெளியே வந்து, தறிக்குப் பக்கத்தில், பாவின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்த இடது கன்னத்தில் வெளுப்பு இன்னும் மாறவில்லை. பெல் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நல்லா அடிக்குதுங்க," என்றார். "நீங்க சொன்ன மாதிரியே, ஊடு பூராக் கேக்குது."

நான் எடுத்தேன். மறுமுனையில் வாழப்பாடிக்காரர், "எல்லாம் சரியா இருக்குதா சார்?" என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன்.